பை ஏழு, செருப்பு மூணு ஜோடி

தமிழுங்களா? அதான் பாத்தேன். போன்ல "அங்க மழை பேஞ்சுதா, கெணத்துல தண்ணி ஏறிச்சா"ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே எந்திரிச்சு வந்து பேசோணும்னு காலு பரபரன்னுச்சு. வர முடியலைங்க. பை இருக்குது. ஏழு பை, மூணு ஜோடி செருப்பு. விட்டுட்டு எப்படி வர்றது? நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க. உக்காருங்க. உங்க வீட்டம்மாவையும் உக்காரச் சொல்லுங்க. ஆமாங்கம்மா, மணல்ல அந்த ஓரத்துல நெழல் விழுகுது, அங்கயே உக்காருங்க. உங்க ரெண்டு பையையும் பக்கத்துலயே வெச்சுக்குங்க.

நமக்குக் கோபிங்க. கோபிச்செட்டிபாளையம். நீங்க? நாமக்கல்லா! அட, அப்பப் பக்கந்தான். ஊர்ல இருக்கறப்ப நாமக்கல்லு தூரமாத்தான் தெரியும். இங்க வந்து பாத்தா பக்கத்து வீடு மாதிரி இருக்குது.

எம்பேரு சென்னியப்பன். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தனுங்க, இருபத்தொம்பது வருசம். வண்டி எப்ப உள்ள வருது, எப்ப வெளிய போகுது, எந்த டிரைவருக்கு என்னிக்கு டூட்டி, என்னிக்கு ஓய்வு, எல்லாம் நம்ம சார்ட்டுலதான். சத்தியமங்கலத்து வண்டி ரெண்டு நிமிசம் லேட்டுன்னாக்கூடச் செவப்பு மையில எழுதிப்புடுவேன். அதுல நான் கறாருங்க. ரிட்டயர் ஆன அன்னிக்கு டிரைவருங்க எல்லாம் சேந்து ஒரு கடியாரம் வாங்கிக் குடுத்தாங்க. அது ஒரு வாரத்துல நின்னுபோச்சு. அது வேற கதை.

எங்க பாப்பா கோகிலவாணி இந்த வர்ஜீனியாவுலதான், ரிச்மண்டுங்கற ஊர்ல இருக்குது. அதும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் வேலை. போன தை மாசம் போன் பண்ணிச்சு. "அப்பா, நீங்களும் அம்மாவும் வாங்க, நாங்க ஒம்பது நாள் லீவு போடறோம், இந்த ஸ்டேட்டையே சுத்திப் பாக்கலாம். எங்கெங்க போறதுன்னு நீங்களே பிளான் போடுங்க"ன்னு சொல்லுச்சு. ஆயிரம் வேலை இருக்கற புள்ளைங்க. இருந்தாலும் இதுக்கு அப்பன்தான் லாயக்குன்னு அதுக்குத் தெரிஞ்சுது பாருங்க. நம்ம வீட்டம்மா ருக்குமணி என்ன சொன்னா தெரியுங்களா? "உங்களுக்குப் பொழுது போகோணுமல்ல, அதுக்குச் சொல்லியிருக்கும்"ன்னா. அவளுக்கு இந்த மாதிரி விசயமெல்லாம் புரியாதுங்க.

நாலு மாசம் பிளான் போட்டனுங்க. பிரவுசிங் சென்டர்ல வர்ஜீனியா மேப்பைக் கலர்ல எடுத்து, எட்டுத் தாள ஒட்டி, வீட்டு ஹால்ல மாட்டிட்டேன். ஒறம்பரை வந்தாங்கன்னா காப்பி வர்றதுக்குள்ள வர்ஜீனியாவப் பத்திச் சொல்லி முடிச்சிருவேன். சாதாரண எடமுன்னு நெனச்சுப்போடாதீங்க. இங்கிலீசுக்காரன் கப்பல்ல வந்து இந்த நாட்டுல மொத மொதல்ல நெலைச்சு ஊரு போட்டது இங்கதான், ஜேம்ஸ்டவுனுங்கற எடத்துல. நானூறு வருசத்துக்கு மேல ஆச்சு. வில்லியம்ஸ்பர்குன்னு இன்னொரு ஊரு. அங்க இன்னைக்கும் அந்தக் காலத்து உடுப்பப் போட்டுக்கிட்டு கொல்லுப்பட்டறை, குதிர வண்டின்னு நடத்தறாங்களாம்.

அப்பறம் யார்க்டவுனு. அதுதானுங்க முக்கியம். வெள்ளைக்காரத் தளபதி காரன்வாலிஸு இந்த ஊருக்காரங்ககிட்டத் தோத்தது அங்கதான். தோத்துட்டு, கத்தியக் குடுக்க வேண்டிய அன்னிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிப்போட்டு, தனக்குக் கீழ இருக்கற அதிகாரிய அனுப்பிட்டானாம்! படிச்சதும் எனக்குச் சிரிப்பு தாங்கல. தீவாளிக்கு மொத நாளு நம்ம டிரைவருங்க போடற மெடிக்கல் லீவேதான். அதே ஆளு அப்பறம் நம்ம நாட்டுக்கு வந்து திப்பு சுல்தானோட சண்டை போட்டான். அன்னிக்கு நம்ம கோபி பக்கமெல்லாம் திப்பு ராஜ்ஜியந்தானுங்களே. அப்ப இந்த ஊருக்கும் நம்மூருக்கும் ஒரு ஒறவு இருக்குதா, இல்லீங்களா? மாப்பிள்ளைகிட்ட இதை மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் "ஓ"ன்னாரு. நல்லாக் கேட்டுக்குவாருங்க, தங்கமான மனுசன்.

இந்த வர்ஜீனியாவுல ஒரே ஒரு சங்கடம். கடல் பூராவும் கெழக்க இருக்குது. திங்களும் சனியும் கெழக்க சூலமல்ல? அந்த ரெண்டு நாளும் கடல் பக்கம் வண்டியத் திருப்பவே கூடாது. செவ்வாயும் புதனும் வடக்க சூலம், அதனால வாசிங்டனும் கெடையாது. வியாழன் தெக்க. வெள்ளி, ஞாயிறு மேக்க, அங்கதான் மலை. ஒம்பது நாளுக்கும் எந்த நாள்ல எந்தத் தெசைன்னு மாத்தி மாத்திப் போட்டு, கண்ணு பூத்துப்போச்சுங்க. ராகு காலம் வேற. நம்ம ஜோசியருக்குப் போன் போட்டு, "ராகு காலம் நம்ம நேரத்துக்கா, அவங்க நேரத்துக்கா"ன்னு கேட்டேன். "எந்த ஊர்ல நிக்கறயோ அந்த ஊரு சூரியந்தான்"னுட்டாரு. ஞாயந்தானுங்களே.

பாருங்க, இதான் சார்ட்டு. இருங்க, இந்தப் பையிலதான் வெச்சேன்... இல்ல, இதுல துணி. இதுல. பிரிக்காம அப்படியே பாருங்க, காத்து அடிக்குது. பொறப்படற நேரம், போய்ச் சேர்ற நேரம், எடம், சூலம், ராகு காலம், சாப்பாடு, ஓய்வு, கடைசியாப் பொறுப்பு. எட்டுக் கட்டம். வண்டி ஓட்டறது மாப்பிள்ளை. டிக்கெட், ரூமு எல்லாம் பாப்பா. வழி சொல்றது நானு. மாப்பிள்ளை போன்ல ஒரு பொம்பளை வழி சொல்லுதுதான், ஆனா அதுக்குச் சூலம் தெரியாதுங்களே. ருக்குமணிக்குப் பெரிய வேலையெல்லாம் ஒண்ணும் குடுக்கலைங்க. சாப்பாடு, பை. அந்த ரெண்டுதான்.

கடலுக்குச் செவ்வாக்கெழமை. பத்துப் பத்துக்கு எறங்கி, பன்னண்டு பத்துக்கு ஏறணும். ரெண்டு மணி நேரம் போதாதுங்களா? கடலு நம்ம நாட்டுலயும் இருக்குது.

சரி, கதைக்கு வர்றேன். முந்தாநேத்து வெசாழக்கெழமை பொழுதோட, சார்ட்டப் பாப்பா வீட்டு பிரிட்ஜு மேல காந்தம் வெச்சு ஒட்டுனேன். வெள்ளிக்கெழம காலையில ஆறு முப்பதுக்குப் பொறப்பாடு. ருக்குமணி புளிக்காச்சல் கிண்டிக்கிட்டு இருந்தா. அடுப்பச் சிறுசு பண்ணிட்டு வந்து, கரண்டியக் கையில வெச்சுக்கிட்டே ஒவ்வொரு கட்டமாப் படிச்சா. எனக்குப் பெருமைதான். முப்பத்தாறு வருசத்துல என் சார்ட்ட அவ படிச்சது அதுதான் மொதத் தடவை.

"ஏனுங்க, இந்த ஓய்வுங்கறது என்னுங்க?"ன்னு கேட்டா.

"அது டூட்டி பாக்கறவங்களுக்கு. மாப்பிள்ளை எட்டு மணி நேரத்துக்கு மேல ஸ்டீரிங் புடிக்கக்கூடாது. அதனால மூணாம் நாளு மத்தியானம் அவருக்கு ஓய்வு."

"பாப்பாவுக்கு?"

"அஞ்சாம் நாளு காலையில. நல்லாத் தூங்கட்டும்."

"உங்களுக்கு?"

"எனக்கு ரெண்டு மத்தியானம். வயசாச்சல்ல?"

"வில்லியம்ஸ்பர்குல ஒரு மணி நேரம் ஓய்வு போட்டிருக்குதே, அது ஆருக்கு?"

"அது காருக்கு. இஞ்சின் சூடு ஆறோணும்."

"சரீங்க"ன்னா. திரும்பிப் போயி அடுப்பப் பெருசு பண்ணிட்டா. அவ்வளவுதான். எல்லாம் புடிச்சுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

விடியால நாலரைக்கு இட்டிலிக்கு அடுப்புப் பத்த வைக்கோணும், சார்ட்டுப்படி. நாலரை ஆச்சு, அடுப்படியில சத்தமே இல்ல. அஞ்சு ஆச்சு. போய்ப் பாத்தா, கட்டல்ல போர்வையப் போத்திக்கிட்டு, கண்ணத் தொறந்தபடி படுத்திருக்கறா.

"என்ன புள்ள, உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தானுங்க இருக்குது. நான் வரல, நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இன்னிக்கு ஓய்வு."

எனக்கு ஒண்ணுமே வெளங்கல. ஆறரை வண்டி போச்சு. ஏழரையும் ஆச்சு. இருபத்தொம்பது வருசத்துல என் வண்டி ஒரு மணி நேரம் லேட்டானது கெடையாதுங்க! பாப்பா போயி அவங்கம்மா பக்கத்துல படுத்துக்கிச்சு. "அம்மிணி, நீயாவது சொல்லு"ன்னா, "அப்பா, நீங்க சித்த வெளிய இருங்க"ங்குது. மாப்பிள்ளை கார எடுத்துக்கிட்டுப் போயி, இனிப்பு வடை மாதிரி ஒண்ணு, நடுவுல ஓட்டை போட்டது, ஒரு டப்பா நெறைய வாங்கிட்டு வந்தாரு. அத ருக்குமணி கட்டல்ல உக்காந்தபடியே ரெண்டு தின்னாளுங்க! பல்லு வெளக்கிட்டுத்தான். இருந்தாலும்.

அப்பறம் வந்து சோபாவுல உக்காந்தா. மெதுவாத்தான் பேசுனா. சண்டைன்னு சொல்ல முடியாது. "நான் வர்றனுங்க. ஆனா பை பாக்க மாட்டேன்"ன்னா.

அட, பையில என்ன இருக்குது? கல்லா, மண்ணா? சும்மா பக்கத்துல உக்காந்திருக்கறதுதான வேலைன்னேன்.

அதுக்கு அவ சொல்றா: "ராமேஸ்வரத்துல நீங்களும் உங்க அண்ணன் குடும்பமும் இருவத்திரண்டு தீர்த்தமும் ஆடிட்டு வந்தீங்க. நான் வெளிய பை பாத்தேன். திருச்செந்தூர்ல பை பாத்தேன். கன்னியாகுமரியில உங்க டிப்போ ஆளுங்க பையும் சேத்து முப்பது பை பாத்தேன். நீங்க வந்து ஈரத் துண்ட என் கையில குடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னீங்க. கடல் சத்தம் எனக்கு நல்லாத் தெரியுமுங்க. தண்ணி காலுல பட்டா எப்படி இருக்குமுன்னு இந்த நிமிசம் வரைக்கும் தெரியாது."

நான் நம்பலைங்க. அது எப்படி, ஒரு தடவைகூடவா எறங்கியிருக்க மாட்டான்னு யோசிச்சுப் பாத்தேன். ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மணிக்குக் கெளம்புனோம், எல்லாம் அப்படியே நெனவு இருக்குது. கன்னியாகுமரியில அஞ்சு அம்பதுக்கு எறங்குனோம். அவ தண்ணியில நின்ன மாதிரி மட்டும் நெனவு வரலைங்க. வெசனமாத்தான் போச்சு.

ஒடனே ஒரு யோசனை சொன்னேன். "சரி புள்ள, செவ்வாக்கெழம கடல்ல, மொத ஒரு மணி நேரம் பாப்பா பை பாக்கட்டும், நீ எறங்கிக்கோ"ன்னேன். நல்ல ஏற்பாடுதானுங்களே? பாப்பா என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. இங்க ஆரும் பைய எடுக்க மாட்டாங்கப்பா, அப்படியே மணல்ல போட்டுட்டுப் போலாமுன்னுச்சு.

"இல்ல கண்ணு, ஒருத்தரு பாக்கத்தான் வேணும். அப்பா முப்பத்தாறு வருசமாச் சொல்றாங்கல்ல"ன்னா ருக்குமணி. எந்திரிச்சுப் போனா. பிரிட்ஜு மேல இருந்த என் சார்ட்ட எடுத்தா. பாப்பாகிட்டப் பேனா வாங்குனா. மொத வரிய அடிச்சுட்டு, சனிக்கெழமன்னு எழுதி, எடம்ங்கற கட்டத்துல கடல்னு போட்டா. சனிக்கெழமைங்க! கெழக்க சூலம்! நான் கத்தறேன், அவ காதுலயே வாங்கல. பொறுப்புங்கற கட்டத்துக்கு வந்தா, பைக்கு நேரா இருந்த ருக்குமணிய அடிச்சா. அதுக்கு மேல நிறுத்தி நிறுத்தி எழுதுனா, சென்னியப்பன்னு.

உங்களுக்கு இது சாதாரணமாத் தெரியும். அம்மாவக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும். கல்யாணமாயி இன்னைக்கு வரைக்கும் அவ என் பேரச் சொன்னதில்ல, எழுதுனதும் இல்ல. ஆசுபத்திரியில புருசன் பேரு என்னன்னு கேட்டா, "சென்னிமலையில இருக்கற சாமி பேருங்க"ம்பா. ஒரு தடவை முருகன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. முருகனோட சம்சாரமுன்னு மூணு நாளு படுத்துக் கெடந்தா, திருத்தல. விசா எடுக்கப் போனப்ப, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரு கேட்டதுக்கு என்னையக் கையக் காட்டிட்டுக் கம்முன்னு நின்னா. அப்படிப்பட்டவ, குண்டு குண்டா, புள்ளி எல்லாம் வெச்சு எழுதிப்புட்டாளுங்க. எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு.

எல்லாம் இந்த ஊருக் காத்துங்க. வேற என்ன?

இன்னிக்குக் காலையில ஒம்பது மணி ராகு காலத்துக்கு முன்னாடி, எட்டு நாப்பதுக்குக் கெளப்பிட்டேன். அதையாவது காப்பாத்துனேன். சூலத்துக்குப் பரிகாரமா ஆளுக்கு ஒரு கரண்டி தயிரு. மாப்பிள்ளைக்குத் தயிரு ஆகாது, பாவம், கண்ண மூடிக்கிட்டு முழுங்குனாரு. வழியில வாங்கித்தான் தின்னோம். புளிக்காச்சல் பிரிட்ஜுலயே இருக்குது.

வந்து எறங்குனதும் பைய எல்லாம் எம் பக்கத்துல வெச்சா. செருப்பக் கழட்டி வரிசையா வெச்சா. "பாத்துக்குங்க"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான், பாப்பா கையப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டா, மாப்பிள்ளையும் பின்னாலயே போயிட்டாரு. நான் இங்க ஒண்ணே கால் மணி நேரமா உக்காந்திருக்கறேன். சும்மா சொல்லக்கூடாதுங்க, இது லேசுப்பட்ட டூட்டி இல்ல. ஒரு காப்பி குடிக்கப் போக முடியுதா? ஒண்ணுக்குப் போக முடியுதா? மண்ணு பறக்குது, ஒரு வெள்ளைப் பறவை வந்து பையக் கொத்துது. எல்லாரும் அங்க சிரிக்கறது இங்க கேக்குது, என்னன்னுதான் தெரிய மாட்டேங்குது. இத்தனை கஷ்டம் இருக்குதுன்னு அவ ஒரு நாளாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல? சொன்னாத்தான தெரியும்!

அதா, அந்த நீலச் சேலை. தெரியுதுங்களா? கொசுவத்த எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு. பக்கத்துல செவப்புத் தொப்பி பாப்பா. மொதல்ல கணுக்கால் தண்ணியில நின்னா. அப்பறம் முழங்கால். இப்பப் பாருங்க. அலை வர்றப்ப ஓடுவான்னு பாக்கறேன், நின்ன எடத்துலயே நிக்கறா. அறுவத்தியோரு வயசுங்க அவளுக்கு. இப்பப் பாத்தா அப்படியா தெரியுது?

எத்தனை மணிக்குத் திரும்பறோமுன்னு கேக்கறீங்களா? தெரியலைங்க. அந்தக் கட்டத்துல அவ ஒண்ணுமே எழுதல.

இருங்க. கையக் காட்டறா. ஏனுங்க, ஏனுங்கன்னு கூப்புடறா போல, அலைச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. என்ன புள்ள? கேக்கல! பை இருக்குது, பை! எப்படி வர்றது?

...

கேட்டுச்சுங்களா? உங்களுக்கும் கேட்டுச்சல்ல? நெசமாச் சொல்லுங்க. எம் பேரச் சொல்லிக் கூப்புடறாளுங்க. இத்தனை சனத்துக்கு நடுவுல, அந்தக் கடலுக்கே கேக்கற மாதிரி! மறுபடியும் பாருங்க, சென்னியப்பாங்கறா! இல்லைங்க, கண்ணுல மண்ணெல்லாம் விழுகல. அழுகைதானுங்க. சந்தோசம். வெக்கமாவும் இருக்குது.

நான் போகோணுமுங்க. அஞ்சே நிமிசம். இந்தப் பைய ஆராச்சும்... அட, எதுக்கு யோசிக்கறேன்? அம்மா சும்மாத்தான உக்காந்திருக்கறாங்க! அம்மா, ஒரு ஒதவிங்க. உங்க பையோட எங்க பையையும் சித்தப் பாத்துக்கிட்டீங்கன்னா...

ஏனுங்க, அம்மா எதுக்கு எந்திரிக்கறாங்க? அங்க எங்க போறாங்க? அம்மா! செருப்ப விட்டுட்டுப் போறீங்க! உங்க பையும் இங்கயே இருக்குது! அவங்களுக்குக் காது கேக்குமல்ல? அப்பறம் ஏன் திரும்பியே பாக்க மாட்டேங்கறாங்க? பாருங்க, நேராத் தண்ணிக்குத்தான் போறாங்க. என்ன ஆச்சுங்க அவங்களுக்கு? இத்தனை நேரம் நல்லாத்தான கதை கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? உக்காருங்க, உக்காருங்க. பை இருக்குதல்ல? இந்தாங்க, என் செருப்பையும் கழட்டி வெச்சர்றேன். பை ஒம்பது, செருப்பு அஞ்சு ஜோடி. எண்ணி வெச்சுக்குங்க.